துப்பாக்கி வாங்கப் போகும் நம்மவர்களுக்கு: .357 மேக்னம் என் தலையில் கட்டப்பட்ட கதை

ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் சென்ற ஆண்டு 940 டாலர் கொடுத்து, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் ஒரு ரிவால்வர், அதாவது சுழலும் சிலிண்டரில் தோட்டா நிரப்பும் கைத்துப்பாக்கி, வாங்கினேன். பதினேழு நாள் கழித்து அதே கடைக்கு அதைத் திரும்ப எடுத்துச் சென்றபோது 410 டாலர்தான் தர முடியும் என்றார்கள். அதற்குள் நான் அதில் சுட்டிருந்தது ஐம்பது தோட்டாக்கூட இல்லை. பணம் போனதைவிட, என்னிடம் சொல்லப்பட்டவற்றில் பாதி தவறு என்பதும் மீதிப் பாதி அரைகுறை என்பதும் பின்னர் தெரிய வந்ததுதான் எனக்கு ஆத்திரத்தை உண்டாக்கியது. இந்த ஊரில் நம்மவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள், இப்போது தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வாங்குவதைப் பற்றி விசாரிப்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதே பேச்சை வேறு இரண்டு கடைகளிலும் பிறகு கேட்டேன்.

நான் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே மாதத்தில் இரண்டு வீடுகளின் கதவுகள் உடைக்கப்பட்டன. என் கணவர் வேலை காரணமாக வாரத்தில் மூன்று நாள் வெளியூரில் இருப்பவர். குடியுரிமை பெற்றுச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் சட்டப்படி எனக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் அதற்கு முன் நான் துப்பாக்கி என்று தொட்டது, தீபாவளிக்கு ரோல் கேப் வெடிக்கும் பொம்மையையும், நாகர்கோவில் பொருட்காட்சியில் பலூன் சுடும் ஏர்கன்னையும் மட்டுமே. அது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். விற்பனையாளர் என் கைகளைப் பார்த்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே, கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து அந்தச் சிறிய ரிவால்வரை எடுத்துப் பட்டுத்துணியின் மேல் வைத்தார். குழலின் நீளம் இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. தோட்டா நிரப்பாத எடை 340 கிராமுக்கும் குறைவு. சிலிண்டரில் ஐந்தே ஐந்து தோட்டாக்கள். பெண்களுக்கு இதுதான் ஏற்றது, பிஸ்டலில் தோட்டாவை ஏற்ற அதன் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்கும் வலு உங்கள் கைகளுக்கு இருக்காது, இதில் இழுக்க வேண்டியதே இல்லை, கைப்பையில் வைத்தால் கனமே தெரியாது என்று அடுக்கிக்கொண்டே போனார்.

துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டெக்சஸில் மருத்துவமனைக்குள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது என்பதால் நான் வாங்க நினைத்தது வீட்டில், பூட்டிய பெட்டிக்குள் வைத்திருப்பதற்காக மட்டுமே. இடுப்பிலோ பையிலோ நாள் முழுதும் சுமப்பவருக்குத்தான் எடைக் குறைவால் பயன் உண்டு. கட்டிலருகே பெட்டியில் கிடக்கும் துப்பாக்கிக்கு எடை இருப்பதே நல்லது, ஏனென்றால் சுடும்போது வரும் பின்னுதைப்பை வாங்கிக்கொள்வது அந்த எடைதான். இந்த ஒரு கேள்வியை அவர் கேட்டிருந்தால், அல்லது நான் கேட்டிருந்தால், இந்தப் பதிவுக்கே இடமில்லாமல் போயிருக்கும்.

காலிபர், அதாவது குண்டின் குறுக்களவு, எது என்று பேச்சு வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது. 9 எம்.எம். போதாது, .357 மேக்னத்தின் ஒரு குண்டு பட்டால் ஆள் பின்னால் தூக்கி எறியப்படுவான் என்றார். நானும் தலையாட்டினேன். பிளஸ் டூவில் இயற்பியல் படித்தவள் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. 158 கிரெயின் எடையுள்ள குண்டு என்பது சுமார் 10 கிராம். அத்தனை குட்டையான குழலிலிருந்து அது வினாடிக்கு 320 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது என்றே வைத்துக்கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் அந்தக் குண்டை முழுமையாக உடலில் வாங்கினாலும் அவருக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு நாலரை சென்டிமீட்டர்கூட வராது. அதே உந்தம் எதிர்த்திசையில், தோட்டாக்களோடு சேர்த்துச் சுமார் 420 கிராம் எடையுள்ள ரிவால்வருக்குக் கிடைக்கும்போது, வெடிமருந்து வாயுவின் உந்தலைக் கணக்கில் சேர்க்காமலே அது வினாடிக்கு எட்டு மீட்டர் வேகத்தை நெருங்குகிறது. தூக்கி எறியப்படுவது எதிராளி அல்ல, சுடுபவரின் மணிக்கட்டு.

அவர் சொன்ன இன்னொரு கதை 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் எஃப்.பி.ஐ. முகவர்களுக்கும் இரண்டு வங்கிக் கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டை. அதில் இரண்டு முகவர்கள் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள், 9 எம்.எம். குண்டு ஒன்று கொள்ளையரில் ஒருவரின் வலக்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அந்த ஆள் அதன் பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தார். இவ்வளவும் உண்மை. பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை என்பதுதான் சிக்கல். அங்கே முகவர்களில் பெரும்பாலானோர் வைத்திருந்தது ரிவால்வர்கள்தாம். கையில் குண்டடிபட்ட ஒருவரால் தம் ரிவால்வரில் மீண்டும் தோட்டா நிரப்ப முடியாமல் போயிற்று. எனக்கு ரிவால்வர் விற்பதற்காகவே இந்தக் கதையைச் சொன்னவர் இதை விட்டுவிட்டார். அந்தச் சண்டைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. 10 எம்.எம். தோட்டாவுக்குப் போனதும், அதன் பின்னுதைப்பு பலருக்கும் மிகையாக இருந்ததால் வெடிமருந்தைக் குறைத்ததும், அதிலிருந்து 1990-ல் .40 எஸ் அண்ட் டபிள்யூ என்ற தோட்டா பிறந்ததும், கடைசியில் 2010-களின் நடுவில் எஃப்.பி.ஐ. மீண்டும் 9 எம்.எம்.முக்கே திரும்பியதும் அவர் கதையில் வரவில்லை. சண்டைக்குப் பின் எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், உடல் தசைக்கு மாற்றாக வைக்கப்படும் ஜெலட்டினுக்குள் குண்டு குறைந்தது 12 அங்குலமும் அதிகமாகப் போனால் 18 அங்குலமும் செல்ல வேண்டும். முனையில் குழிவுள்ள இன்றைய நல்ல 9 எம்.எம். குண்டுகள் அந்தச் சோதனையில் தேறுகின்றன. பின்னுதைப்பு குறைவாக இருப்பதால் பெரும்பாலானோர் அதை வைத்து வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள். பிஸ்டலின் பிடிக்குள் செருகும் மேகசீனில் அதிகத் தோட்டாக்கள் கொள்கின்றன. திரும்பியதற்கு எஃப்.பி.ஐ. சொன்ன காரணங்கள் இவைதாம்.

சரி, வாங்கிவிட்டேன். துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. அவரே தம் கையால் எடுத்துக்கொடுத்த தோட்டாக்கள் இரண்டு வகை: தற்காப்புக்கென்று 110 கிரெயின் மேக்னம், இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டி, பயிற்சிக்கென்று மலிவான 158 கிரெயின் ஈயக்குண்டு மேக்னம், ஐம்பது கொண்ட பெட்டி.

ஆறாம் நாள் சுடுதளத்துக்குப் போனேன். முதல் தோட்டாவைச் சுட்டதும் எனக்குத் தோன்றியது, உள்ளங்கையில் யாரோ கிரிக்கெட் மட்டையால் அடித்துவிட்டார்கள் என்றுதான். குட்டைக் குழலுக்குள் எரிந்து முடியாத மருந்து வெளியே வந்து, என் தலையளவுக்கு ஒரு தீப்பந்தாக எரிந்தது. காதில் அடைப்பான் செருகி அதன் மேல் கவசமும் அணிந்திருந்தும், பக்கத்துத் தடத்தில் இருந்தவர் சுடுவதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஐந்தையும் சுட்டேன். ஏழு கஜ தூரத்தில் இருந்த தாளில் பட்டது ஒன்று, அதுவும் ஓரத்தில். நான்காவது, ஐந்தாவது தோட்டாக்களின்போது, விசையை அழுத்தும் முன்பே கண்கள் தாமாக மூடிக்கொண்டன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு மலிவான பெட்டியிலிருந்து ஐந்து நிரப்பினேன். மூன்று சுட்டேன். நான்காவதற்கு விசையை இழுத்தால் சிலிண்டர் சுழலவில்லை. இழுக்க இழுக்க அசையவில்லை.

சுடுதளத்தில் பயிற்சி தரும் அம்மையார், ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, வந்து துப்பாக்கியின் வாயைக் குறித்தளத்தின் பக்கமே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, மெல்லச் சிலிண்டரைப் பார்த்தார். சுடப்படாத இரண்டு தோட்டாக்களில் ஒன்றின் குண்டு, வெடிமருந்து இருக்கும் அதன் உறையிலிருந்து நழுவி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனை சட்டத்தில் இடித்துச் சிலிண்டரைப் பூட்டிவிட்டது. எடை மிகக் குறைந்த ரிவால்வர்களில் இப்படி நடப்பது தெரிந்த விஷயம் என்றார் அவர். ஒவ்வொரு முறை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் பாய்கிறது, உறையும் அதோடு பாய்கிறது, உறையின் விளிம்பு இறுக்கமாகப் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் கனமான ஈயக்குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ரிவால்வர் என்றால் சிக்கவே சிக்காது என்று கடையில் எனக்கு உறுதியளிக்கப்பட்டிருந்தது.

அன்றிரவு பணி இல்லை. மகள் தூங்கிய பிறகு சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழலின் பக்கவாட்டில், புகைக்கரிக்கு அடியில், மிகச் சிறிய எழுத்துகள் இருந்தன. கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் படித்தேன்: .357 மேக்னம், 120 கிரெயினுக்குக் குறைந்த குண்டு கூடாது. தற்காப்புப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். 110 கிரெயின். வழிகாட்டிப் புத்தகத்தில் காரணமும் இருந்தது: சிலிண்டர் டைட்டானியக் கலவையால் ஆனது, 120 கிரெயினைவிட எடை குறைந்த மேக்னம் குண்டுகளைப் பயன்படுத்தினால் அது சீக்கிரம் அரிக்கப்படும். சிலிண்டரின் முன்முகத்தில் விரல்நுனியை ஓட்டிப் பார்த்தேன். தோட்டா வைக்கும் துளைகளில் ஒன்றின் விளிம்பு சொரசொரத்தது. ஐந்தே தோட்டாக்களில் அப்படி ஆகியிருக்குமா, முன்பே அப்படி இருந்ததா என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் திருப்பிக் கொடுக்கப் போனபோது விலையைக் குறைக்கக் கடைக்காரர் காட்டிய முதல் காரணம் அந்தச் சொரசொரப்புத்தான்.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே என்றேன். வாங்குபவர் வழிகாட்டிப் புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றார். விற்பனைச் சீட்டின் பின்புறம், துப்பாக்கியும் தோட்டாவும் விற்றால் விற்றதுதான் என்று அச்சிட்டிருந்ததைக் காட்டினார். இந்த வரி ஏறக்குறைய எல்லாக் கடைகளிலும் உண்டு. ஆகவே வாங்கும் முன் வாடகைத் துப்பாக்கி இருக்கும் சுடுதளத்துக்குப் போய், நினைத்த காலிபரில் ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பார்க்காமல் யாரும் பணத்தை எடுக்க வேண்டாம். எனக்கு அது நாற்பது, ஐம்பது டாலரில் முடிந்திருக்கும்.

அந்தப் பயிற்சியாளர் அம்மையாரிடம் பின்னர் மூன்று வகுப்புகள் போனேன். .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடலாம் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன்; இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஒன்றே, மேக்னத்தின் உறை மட்டும் மூன்று மில்லிமீட்டர் அளவு நீளம். மறுதலையாக .38 துப்பாக்கியில் மேக்னத்தைப் போட முடியாதபடி இருக்க வேண்டும் என்றே அதை நீளமாக்கினார்கள். மென்மையான .38 தோட்டாக்களைப் போட்டபோது ஓரளவு குறி பட்டது. கடைக்காரர் இதையாவது சொல்லியிருந்தால் எட்டு மேக்னம் தோட்டாக்களின் வலி மிச்சமாகியிருக்கும். ஆனாலும் அந்த விசையின் கடினமும், கட்டைவிரல் அளவே இருந்த பிடியும், ஐந்தே தோட்டாக்களும் வீட்டுக்கு வேண்டியவை அல்ல என்று முடிவு செய்தேன்.

இப்போது இருப்பது 700 கிராமுக்குச் சற்று மேற்பட்ட நடுத்தர 9 எம்.எம். பிஸ்டல். மேற்பகுதியை இழுக்க என் கைகளுக்கு வலு இல்லை என்று சொல்லப்பட்டது அல்லவா? மேற்பகுதியை இடக்கையால் இறுகப் பற்றி அசையாமல் வைத்துக்கொண்டு, பிடியை வலக்கையால் முன்னுக்குத் தள்ள வேண்டும் என்று அம்மையார் காட்டினார். இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. அதைவிடப் பெரிய குண்டுள்ள .45 காலிபரும் சுட்டுப் பார்த்தேன், மோசமில்லை, ஆனால் தோட்டா விலை என் பயிற்சியைப் பாதியாக்கிவிடும். 9 எம்.எம்.முக்கும் .45-க்கும் குண்டின் குறுக்களவில் உள்ள வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர். கைத்துப்பாக்கிக் குண்டு எதுவானாலும் நம் வீடுகளின் ஜிப்சம் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும் என்பதால், அந்த இரண்டரை மில்லிமீட்டரைவிடக் குறி தவறாதிருப்பதே என் மகள் தூங்கும் அறைக்குப் பாதுகாப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் போவது பணம் அல்ல, விசா. என் நாத்தனார் மகன் ஹெச்-1பி விசாவில் இங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறான். அத்தை, நானும் ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேனே என்று கேட்டான். கடைக்காரரைக் கேட்டதற்கு, வாடகைக்குத்தானே, தாராளமாக அழைத்து வாருங்கள் என்றார். அது தவறு. ஹெச்-1பி, மாணவர் விசா போன்ற குடியேற்றமற்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. சுடுதளத்தில் கையில் வாங்குவதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படலாம். பச்சை அட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அவனை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன்.

ரிவால்வரை அந்தக் கடையில் கொடுக்காமல் வேறோர் உரிமம் பெற்ற கடை மூலம் 560 டாலருக்கு விற்றேன். வாங்குபவருக்குக் காட்டும்படி சிலிண்டரின் சொரசொரப்பையும், எந்தத் தோட்டாவைச் சுட்டேன் என்பதையும் சீட்டில் எழுதியே கொடுத்தேன். மிச்சமிருந்த 110 கிரெயின் தோட்டாக்கள் பதினைந்தையும் அம்மையார் வாங்கிக்கொண்டார். அவரிடம் எஃகுச் சிலிண்டரும் நான்கு அங்குலக் குழலும் கொண்ட, ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பழைய .357 இருக்கிறது, அதில் அவற்றைச் சுட்டபோது என்னையும் ஒன்று சுடச் சொன்னார். கண்ணை மூடாமல் சுட்டேன்.