செயின்ட் பொனவெஞ்சர் பல்கலைக்கழகம்: பிரான்சிஸ்கன் மரபைப் படிக்க வருவோருக்கு

நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ஓலியன் நகரை ஒட்டி 1858-இல் பிரான்சிஸ்கன் துறவிகள் (அசிசியின் புனித பிரான்சிஸ் வழிவந்த கத்தோலிக்கத் துறவிகள்) தொடங்கிய கல்விக்கூடம் இது. மரபு பெயர்ப்பலகையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இங்குள்ள பிரான்சிஸ்கன் ஆய்வு நிறுவனமே சாட்சி. இடைக்காலப் பிரான்சிஸ்கன் மெய்யியலாளர் ஓக்கமின் வில்லியம் எழுதியவற்றைக் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டு, மெய்யியல் 7, இறையியல் 10 என 17 தொகுதிகளாகச் செம்பதிப்பு கண்டார்கள். அசுர உழைப்பு! மேலே மூலம், அடியில் பாடவேறுபாடுகள், எல்லாம் லத்தீனில். இலக்கணத்தை முடித்துவிட்டு வாருங்கள்; இல்லையேல் புரட்டிப் பார்ப்பதோடு சரி.

பின்னாளில் துறவி-எழுத்தாளராகப் புகழ்பெற்ற தாமஸ் மெர்ட்டன் மடத்தில் சேருமுன் இங்கே ஆங்கிலம் கற்பித்தார். மலைச்சரிவில் மரங்களற்ற ஒரு திட்டை 'மெர்ட்டனின் இதயம்' என்கிறார்கள். ஏறிப் பார்க்கத் தகுந்த இடம்.

விமானத்தில் வருவோர் பஃபலோவில் இறங்கலாம். அங்கிருந்து கார்தான் வசதி. குளிர்காலத்தில் பனி கொட்டும், பயணத்துக்குக் கூடுதல் நேரம் வையுங்கள்.