விடுகதையா, மாயச் சதுரமா?

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பிள்ளைகளின் மூளைக்கு வேலை கொடுக்க முதலில் நினைவுக்கு வருவது விடுகதைதான். தாளும் பேனாவும் தேவையில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்தே விளையாடலாம். ‘முற்றத்துச் செப்புக்கு மூடி இல்லை’ என மலையாளத்தில் வழங்கும் விடுகதைக்குக் கிணறு என்ற விடையைத் தமிழ்ப் பிள்ளைகளும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். குறை ஒன்று உண்டு: விடை தெரிந்தபின் அதன் வேலை முடிந்துவிடுகிறது, சொன்னவன் யோசித்தானா, முன்பே கேட்டிருந்தானா என்பதும் தெரியாது.

மாயச் சதுரம் அப்படியன்று. ஒன்பது கட்டங்களில் 1 முதல் 9 வரையுள்ள எண்களை ஒருமுறை மட்டும் வைத்து, நிரை, நிரல், மூலைவிட்டம் அனைத்திலும் ஒரே கூட்டுத்தொகை வரச் செய்ய வேண்டும். எண்களின் மொத்தம் 45, நிரைகள் மூன்று. ஆகவே ஒவ்வொன்றிலும் 15 வர வேண்டும். நடுக்கட்டத்தின் வழியே செல்லும் நான்கு வரிசைகளைக் கூட்டினால் 60 கிடைக்கும். அதில் மற்ற எண்கள் ஒருமுறையும் நடு எண் நான்கு முறையும் வருவதால், 45-க்கு மேல் மிஞ்சும் 15, நடு எண்ணின் மும்மடங்காகும். எனவே நடுவில் 5 மட்டுமே அமரும். தடவித் தடவி எண்களை மாற்றி வைப்பதைவிட இந்த வழியைக் காண்பதில்தான் சுவை இருக்கிறது.

பல வயதினர் கூடியிருக்கையில் விடுகதையையே சொல்வேன். கணக்கென்றாலே ஓடுகிற பிள்ளையிடம் சதுரத்தை நீட்டுவது வீண். தனியாக உட்கார்ந்து யோசிக்கும் பிள்ளைக்குச் சதுரமே மேல். ஒன்பது கட்டம் சலித்துவிட்டால், கூட்டுத்தொகை 34 வரும் பதினாறு கட்டச் சதுரம் இருக்கிறது.