வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கிற லேப், ஹார்மோன் இம்யூனிட்டி பேக்கேஜ்: 2 ஸ்டார்

வேளச்சேரில வீட்டுக்கே வந்து பிளட் எடுக்கிற ஒரு லேப்ல அம்மாவுக்கு இந்த பேக்கேஜ் போட்டோம், பேரு வேணாம் விடுங்க. வந்த தம்பிக்கு முழு மார்க். அம்மாவுக்கு நரம்பே கிடைக்காது, குத்திக் குத்தி கையை ஊதா கலர் ஆக்கிடுவாங்க, இவரு புறங்கையைத் தட்டிப் பாத்து சின்ன ஊசியா எடுத்து ஒரே குத்துல முடிச்சிட்டாரு.

ஆனா டைம் இருக்கே டைம்... காலைல 7 டூ 8 ஸ்லாட், வந்தது பதினொன்றரைக்கு, அதுவரைக்கும் அம்மா காபி கூட குடிக்காம உக்காந்திருந்தாங்க. வெறும் சுகர் டெஸ்ட்னா திட்டிட்டு விட்டிருப்பேன், இதுல கார்டிசால் (அட்ரீனல் சுரப்பி சுரக்கிற ஹார்மோன்) இருக்கு, அது காலைல 8 மணி வாக்குல உச்சத்துல இருக்கும், அப்புறம் இறங்கிக்கிட்டே போயி நடுராத்திரி அடிமட்டத்துக்கு வந்துரும். பதினொன்றரைக்கு எடுத்த ரத்தத்துக்கு காலை ரேஞ்ச போட்டு 'லோ'ன்னு சிவப்புல அடிச்சிருக்காங்க, கலெக்‌ஷன் டைம்னு பாத்தா 7.30ன்னு போட்டிருக்கு!

அதவிட கொடுமை, அம்மா முடக்கு வாதத்துக்கு பிரெட்னிசலோன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாங்க, என்ன மாத்திரை எடுக்கறீங்கன்னு ஒருத்தரும் கேக்கல. அது கார்டிசாலுக்கு ஒண்ணுவிட்ட தம்பி மாதிரி, அது உள்ள போனா உடம்பு சொந்தமா சுரக்கிறத குறைச்சுக்கும், சில டெஸ்ட் முறையில மாத்திரையையே கார்டிசால்னு சேத்து எண்ணிடும். அப்போ அந்த நம்பர வச்சி என்ன பண்றது?

அடுத்த பக்கம், வெள்ளை அணு 13,400, அதோட வகைகள்ல நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்ஃபோசைட் 11, ஈஸினோஃபில் 0, கீழ 'இன்ஃபெக்‌ஷன் இருக்கலாம்'. எங்க டாக்டர் மாத்திரைச் சீட்டப் பாத்ததுமே சொல்லிட்டாரு, ரத்தக்குழாய் சுவத்துல ஒட்டிட்டு இருக்கிற நியூட்ரோஃபில்ல ஸ்டீராய்டு கிளப்பி விட்டுரும், எலும்பு மஜ்ஜைல இருந்தும் கூடுதலா வரும், மத்த ரெண்டும் ரத்தத்துல குறையும்னு. காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. "அப்ப மாத்திரைய நிறுத்திடவா"ன்னு அம்மா கேட்டதுக்கு நல்லா திட்டு வாங்கினாங்க, தூங்கிட்டிருக்கிற அட்ரீனல் சுரப்பி முழிக்க நாளாகும், திடீர்னு நிறுத்தினா ஆபத்து.

'இம்யூன் ஏஜ் 71'ன்னு, அதாவது எதிர்ப்பு சக்தியோட வயசாம், ஒரு கலர் மீட்டர் வேற. டி செல்லுங்கிற எதிர்ப்பு சக்தி அணு வளர்ற தைமஸ் சுரப்பி நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கு, வயசுக்கு வர்றப்ப செக்ஸ் ஹார்மோன் ஏறினதும் அது எல்லாருக்கும் வேகமா சுருங்கும், இத சாதா ரத்த எண்ணிக்கைல எப்படி கண்டுபிடிச்சாங்களோ. ஈஸ்ட்ரோஜன் ஆன்டிபாடி உற்பத்திய தூக்கி விடும், லூபஸ் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) வர்றவங்கள்ல 10ல 9 பேர் பெண்களா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு சொல்றாங்க, லேப்காரங்க அம்மாவுக்கு மெனோபாஸ் ஆச்சான்னு கூட கேக்காம வயசு போட்டுட்டாங்க.

கஸ்டமர் கேர்ல கார்டிசால் மட்டும் ஃப்ரீயா திருப்பி எடுக்கறோம்னாங்க, டாக்டர் தேவையே இல்லன்னுட்டாரு, ரீஃபண்ட் கேட்டிருக்கோம். சுகர், சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) மாதிரின்னா தாராளமா கூப்பிடுங்க, அந்த தம்பி வந்தா அதிர்ஷ்டம். ஹார்மோன் டெஸ்ட்னா காலைல நேரா லேபுக்கே போயி, மாத்திரைச் சீட்ட காட்டிட்டு, எடுத்த நேரத்த பில்லுலயே எழுதி வாங்குங்க.