பிள்ளையார் சாலையோரத்திலா, வளாகத்துக்குள்ளேயா?

விநாயகர் சதுர்த்தி நெருங்கினால் எங்கள் தெருவில் இதே பேச்சு. மாநகராட்சிச் சாலையோரம் பந்தல் போடலாமா, அடுக்ககத்துக்குள்ளேயே வைத்துவிடலாமா?

அனுமதி
சாலையோரம்: அலைச்சல் இங்கேதான். இடம் மாநகராட்சியுடையது, அவர்களிடம் தடையில்லாச் சான்று வேண்டும். அப்புறம் காவல்துறை, தீயணைப்பு, மின்வாரியம். 2018 தமிழக அரசாணைப்படி சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடியைத் தாண்டக் கூடாது.
வளாகம்: சங்கத்தின் சம்மதம். வெளியாட்களைக் கூப்பிட்டு மைக் கட்டினால் காவல் நிலையம் போகத்தான் வேண்டும்.

செலவு
சாலையோரம்: கொட்டகை, ராத்திரிக் காவல், பட்டினப்பாக்கம் கடற்கரை வரை கொண்டுபோய்க் கரைக்க வண்டி.
வளாகம்: ஒரு அடி களிமண் பிள்ளையார், ஒரு பக்கெட் தண்ணீர். கரைந்ததைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடலாம்.

சத்தம்
ரெண்டுக்கும் ஒன்றே: இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது.

கூட்டம்
சாலையோரம்: போகிற ஆட்டோ நின்று, ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தோப்புக்கரணம் போட்டுப் போவார். நடைபாதை அடைபட்டால் திட்டுவதும் அவர்தான்.
வளாகம்: கேட்டைத் தாண்டி யார் வருவார்? நம் முகங்களே.

"அடுத்த வருஷம் சாலையோரத்திலேயே செங்கல் வைத்துக் கோயில் கட்டிடலாம்" என்று ஒருவர் கிளம்புவார். பொதுச் சாலையிலும் பூங்காவிலும் அனுமதியின்றிப் புதிதாக எந்த மதக் கட்டடமும் கூடாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பத்துப் பேர் ஓடியாட இருந்தால், நடக்க வழியும் விட்டால் சாலையோரம் சரி. இல்லையென்றால் வளாகமே. நான் வளாகத்துக்குத்தான் கை தூக்கினேன்; சுண்டல் மிச்சமானது.