ஜார்ஜ் டவுன்: கடிகாரம் பார்த்துச் சாப்பிட வேண்டிய ஊர்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு விடுதியில், எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை எடுத்துக்கொண்டு நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். இந்தியர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாட்கள் வரை விசா இல்லாமலே மலேசியா சென்று வரலாம் என்றான பிறகு, முதுகுப்பையும் குறைந்த காசுமாக அங்கே போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சாப்பாட்டுக்கென்று நாளொன்றுக்கு 40 ரிங்கிட், அதாவது ஏறத்தாழ 800 ரூபாய், ஒதுக்கியிருந்தேன். ஒரே ஒரு நாள்தான் அந்த வரம்பு மீறியது. அதற்கான காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

இந்த ஊரில் கையில் காசு குறைவாக இருப்பதால் நல்ல சாப்பாடு தவறிப்போவதில்லை. நேரம் தெரியாமல் போனால்தான் தவறிப்போகிறது. ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் பண்டங்கள் பெரும்பாலும் தள்ளுவண்டியிலும் நடைபாதையிலும் கோப்பிக் கடைகளிலும்தான் கிடைக்கின்றன. ஒரு கடைக்காரர் பெரும்பாலும் ஒரே பண்டத்தைத்தான் செய்கிறார், அதையும் நாளின் சில மணி நேரம்தான் விற்கிறார். காலையில் நம் பரோட்டாவைப் போன்ற ரொட்டி சானாய் வாங்கிய இடத்தில் மாலையில் மடக்கி வைத்த மேசைகள் மட்டுமே இருக்கும். பகலில் வெறுமையாகக் கிடக்கும் லோரோங் பாரு தெரு, பொழுது சாயும்போது வண்டிகளாலும் அடுப்புப் புகையாலும் நிறைந்துவிடும். 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பழைய நகரப் பகுதியை நடந்தே சுற்றிவிடலாம் என்பதால், இந்த அலைச்சலுக்குப் பேருந்துக் காசும் தேவைப்படவில்லை.

நாசி கண்டாரைப் பற்றி ஒரு தமிழர் சற்று விரிவாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் தடி வைத்து இருபுறமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவதைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பையும் காவடியாகச் சுமந்து சென்று துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றதிலிருந்து வந்த பெயர் இது. கேம்பல் தெருவில் 1907-இல் தொடங்கப்பட்ட ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது. அங்கே வரிசையில் நின்றபோது, சோறு போடுகிறவர் என் முகத்தைப் பார்த்ததும் தமிழிலேயே, "என்ன வைக்கட்டும் தம்பி?" என்று கேட்டார். பொரித்த கோழி, வெண்டைக்காய், அவித்த முட்டை என்று சொன்னேன். அதன்பிறகு அவர் செய்ததில்தான் இந்தச் சாப்பாட்டின் சூட்சுமம் இருக்கிறது: கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கறிக் குழம்பில் ஒரு கரண்டி என்று மாற்றி மாற்றிச் சோற்றின்மேல் ஊற்றினார். சோறு மூழ்கும் அளவுக்கு வேண்டுமென்றால் "பாஞ்சிர்" என்று சொல்ல வேண்டும். மலாயில் அதற்கு வெள்ளம் என்று பொருள். நம் வீட்டில் இரண்டு குழம்பைக் கலந்தால் அம்மா திட்டுவார். இங்கே அந்தக் கலப்புதான் பண்டத்தின் பெயரையே காப்பாற்றுகிறது. 14 ரிங்கிட் கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டைப் பற்றி நினைக்காமலே திரிந்தேன்.

என் வரம்பு மீறியது வேறொரு நாசி கண்டார் கடையில். பெயர் வேண்டாம். பெரிய இறால் ஒன்றையும் மீன் முட்டையையும் விலை கேட்காமல் கைகாட்டிவிட்டேன். கல்லாவில் தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு 31 ரிங்கிட் என்றார்கள். விலைப்பட்டியல் எங்கும் மாட்டப்படவில்லை. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், பெரிய இறால் எங்கும் விலை கூடியதுதான். ஆனால் சோற்றின்மேல் விழுவதற்கு முன்பே விலையைக் கேட்டுவிட வேண்டும் என்பதை அந்தத் தட்டில்தான் கற்றேன்.

சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடுல்ஸ் வறுவலுக்கு லோரோங் பாருவில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். ஒரு வாணலியில் ஒரு நேரத்தில் ஒரு தட்டு மட்டுமே வறுக்கிறார்கள். நான்கு பேருக்குச் சேர்த்துப் போட்டால் வாணலியின் சூடு இறங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் வெந்துவிடும். இறால், மட்டி, முளைப்பயறு, முட்டை எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் உள்ளே போய் வெளியே வந்தன, விளிம்பில் இலேசாகக் கருகிய மணத்தோடு. 9 ரிங்கிட். இதில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள் என்பதால், விலக்க வேண்டியவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் அங்காடிக் கடைகள் எளிதல்ல. காய்கறி வறுவல் என்று தருவதிலும் இறால் விழுது ஒளிந்திருக்கும். அவர்கள் லிட்டில் இந்தியா பக்கம் போய்விடுவது நல்லது.

கோப்பிக் கடைகளில் மேசை பானம் விற்பவருடையது, உணவு வண்டிகள் வேறு வேறு ஆட்களுடையவை. பானம் வாங்காமல் உட்கார்ந்தால் தலைக்கு 50 சென் (அரை ரிங்கிட்) என்று நான் போன ஒரு கடையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பால் சேர்க்காத தேநீரான தே ஓ ஒன்றைச் சொன்னதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. கெங் குவீ சந்தில் 1936 முதல் விற்கப்படும் செண்டோல் என்ற குளிர் இனிப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் தேங்காய்ப்பாலும் பனை வெல்லமும் தெரிந்த நாக்குக்கு அதில் வியப்பு குறைவு.

ஆசாம் லக்சாதான் என்னைத் திணறடித்தது. நம் ஊர்க் கானாங்கெளுத்தியின் இனத்தைச் சேர்ந்த மீனை வேகவைத்து உதிர்த்து, குடம்புளிக்கு நெருங்கிய உறவான ஆசாம் கெலுகோர் போட்டுக் காய்ச்சிய புளிச்சாற்றில், தடித்த அரிசி நூடுல்ஸும் வெள்ளரியும் அன்னாசியும் புதினாவும் இஞ்சிப்பூ மொட்டின் நறுக்கலும் மிதக்கின்றன. தேங்காயும் இல்லை, வறுத்த மசாலாவும் இல்லை. முதல் வாயில் பழைய மீன் குழம்பின் நினைவு வந்தது. கரண்டியில் தனியாகக் கொடுத்திருந்த கறுப்பு இறால் விழுதைக் கரைத்த பின், புளிப்புக்குக் கீழே ஓர் இனிப்பும் உப்பும் எழுந்து வேறு பண்டமாகிவிட்டது. கிண்ணம் 7 ரிங்கிட். மறுநாளும் அதற்காகவே போனேன். மணி நாலரை. பானையைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்த அம்மையார் என்னைப் பார்த்துச் சிரித்து, சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார். அடுத்த நாள் படகுத்துறைக்குப் போகும் வழியில், பையை முதுகில் மாட்டியபடியே, பன்னிரண்டு மணிக்கு அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன்.