வங்கி முடங்கினால் இணைப்பு மேலா, இன்சூரன்ஸ் மேலா?

மதுரை கீழமாசி வீதியில் பருப்பு மண்டி வைத்திருப்பவருக்கு வங்கியின் வாராக்கடன் எத்தனை சதவீதம் என்பதா கவலை? செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்த செக் பாஸ் ஆகுமா என்பதுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் என் ஓட்டு, முடங்கிய வங்கியை வேறொரு வங்கியோடு சேர்த்துவிடும் கட்டாய இணைப்புக்கே; டெபாசிட்டுக்கான இன்சூரன்ஸுக்கு அல்ல.

அரசு வங்கி தடுமாறினால் மத்திய அரசே மூலதனம் போடும். ஐஓபி (இந்தியன் ஓவர்சீஸ் வங்கி) 2015-இல், பலவீனமான வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி போடும் பிசிஏ கட்டுப்பாட்டுக்குள் போய் 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. டெபாசிட்தாரர் ஒருநாளும் காத்திருக்கவில்லை. நம் வரிப்பணம் போனது, அவ்வளவுதான்.

தனியார் வங்கி என்றால் பணம் எத்தனை நாள் முடங்கும் என்பதே எல்லாம். கரூர் லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17, செவ்வாய் மாலை மாரட்டோரியம், அதாவது பணம் எடுக்கத் தற்காலிகத் தடை, வந்தது. ஒருவர் ₹25,000 வரைதான் எடுக்கலாம். நாலு கணக்கு இருந்தாலும் மொத்தமாக அவ்வளவே. வைத்தியம், படிப்பு, கல்யாணம் என்றால் மட்டும் தனி அனுமதி. அந்த நாட்களில் சரக்குக்காரருக்கு எழுதிய லட்ச ரூபாய் செக் திரும்பத்தான் செய்யும். ஆனால் 27-ஆம் தேதியே வங்கி டிபிஎஸ் என்ற வங்கியோடு இணைந்தது, டிபிஎஸ் ₹2,500 கோடி கொண்டுவந்தது, டெபாசிட் முழுசாகத் தப்பியது. பத்தே நாள். எஸ் வங்கியை எஸ்பிஐ கைகொடுத்து நிறுத்தியபோதும் பதின்மூன்று நாளில் பூட்டு திறந்தது.

பங்குக்காரர் கதை வேறு. லட்சுமி விலாஸ் பங்குகள் பூஜ்யமாயின. மதுரையில் இணைப்பு என்றதும் பாங்க் ஆஃப் மதுராவை நினைப்பார்கள். 2001-இல் ஒரு பங்குக்கு இரண்டு ஐசிஐசிஐ பங்கு கிடைத்தது. அது பேசி முடித்த சம்பந்தம், மீட்பு அல்ல.

இன்சூரன்ஸ் வழியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ₹5 லட்சம்தான் உச்சம். 2021 திருத்தப்படி 90 நாளில் வர வேண்டும்: முதல் 45 நாளில் வங்கி பட்டியல் தரும், அடுத்த 45 நாளில் டெபாசிட் இன்சூரன்ஸ் நிறுவனமான டிஐசிஜிசி சரிபார்த்துக் கொடுக்கும். சிக்குவது பட்டியலில்தான். கேஒய்சி (அடையாள, முகவரி விவரம்) பழசாக இருந்தால், வேறு வங்கிக் கணக்கு எண்ணோடு சம்மதக் கடிதம் தராவிட்டால், பெயர் விடுபடும். வங்கியை யாராவது வாங்கப் பேச்சு நடந்தால் இன்னொரு 90 நாள் தள்ளவும் சட்டத்தில் இடம் உண்டு. கணவன் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று, இருவர் பெயரில் ஒன்று என்று வைத்தால் மூன்றுக்கும் தனித்தனி 5 லட்சம்.

இணைப்பிலும் ஏமாற்றம் உண்டு. மும்பை பிஎம்சி கூட்டுறவு வங்கி 2019 செப்டம்பரில் முடங்கி, 2022 ஜனவரியில்தான் யூனிட்டி என்ற வங்கியோடு சேர்ந்தது. 5 லட்சத்துக்கு மேற்பட்ட டெபாசிட் பத்து வருஷம் வரை தவணையில். வாங்க வசதியான ஆள் தயாராக இருந்தால்தான் இணைப்பு வேகம். பெரிய வங்கி சாய்ந்தால் வாங்க அத்தனை பெரிய ஆள் கிடைப்பாரா என்பது சந்தேகம்தான்.

உசிலம்பட்டி, மேலூர் பக்கம் இருப்பவர்கள் பணம் போட்ட இடத்தின் போர்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி டெபாசிட்டுக்கு இந்த இன்சூரன்ஸ் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் நிதி கம்பெனிக்கும் சீட்டுக்கும் கிடையாது.