நீலகிரி மலையில் எச்பி5 பிளஸ்: நீண்டகாலப் பயன்பாட்டுக்குப் பின்

உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வருடம் முழுக்க ஒரே கறுப்பு வெள்ளை பிலிமை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டுமென்றால் இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ்தான் எங்கள் தேர்வு. ஒளி உணர்திறன் 400 ஐஎஸ்ஓ. சோலைக்காட்டுக்குள் நண்பகலிலும் இருட்டு, வெளியே வந்தால் தேயிலைச் சரிவில் கண் கூசும் வெயில். ஒரே ரோலில் இரண்டையும் இது தாங்குகிறது. எக்ஸ்போஷர், அதாவது பிலிமில் விழும் ஒளி, ஒரு ஸ்டாப் குறைந்தாலும் இரண்டு கூடினாலும் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரு மடங்காவது) பிரிண்ட் போடத்தக்க நெகட்டிவ் கிடைத்துவிடும். இந்தப் பிலிம் பொறுக்காதது மலையின் குளிரையும் ஈரத்தையும்தான்.

மூடுபனியில் ஒளி அளக்கும் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. வெண்மையை அது நடுச் சாம்பலாக எடுத்துக்கொள்வதால் படம் அழுக்காக வரும். ஒரு ஸ்டாப், அடர்ந்த பனியில் ஒன்றரை கூட்டுங்கள். பனியை ஊடுருவ சிவப்பு பில்டர் போடுவது வீண். பனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிக்கும். தொட்டபெட்டா சிகரத்திலிருந்து பார்க்கையில் தூரத்து மலைகள் மேல் படரும் நீல மங்கல் வேறு. அதில் அதிகம் சிதறுவது நீல ஒளி என்பதால் ஆரஞ்சு பில்டர் அழகாக வெட்டும். செலவு சுமார் இரண்டு ஸ்டாப். சிவப்பு மூன்று ஸ்டாப் தின்பதோடு மரங்களையும் கருந்திட்டாக்கிவிடும்.

சோலைக்குள் முக்காலி வைத்து எடுக்கும்போது மீட்டர் 10 நொடி காட்டினால் 20 நொடி கொடுங்கள், நீண்ட நேர எக்ஸ்போஷரில் பிலிமின் உணர்திறன் குறைந்துவிடும். கையில் பிடித்து எடுக்க, பிலிமை 1600 ஐஎஸ்ஓ வரை ஏற்றி எடுத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் கூட்டலாம். நிழல் விவரம் கொஞ்சம் போகும், அதற்கு மைக்ரோஃபென் டெவலப்பர் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் மருந்து) நல்லது: கலக்கிய கரைசலில் மேலும் தண்ணீர் சேர்க்காமல், 20 டிகிரியில், 11 நிமிடம்.

சாதாரண 400க்கு ஐடி-11 டெவலப்பர் போதும். ஒரு 35 மிமீ ரோலுக்கு 150 மிலி கரைசல், 150 மிலி தண்ணீர், 20 டிகிரி, 13 நிமிடம். முதல் 10 நொடியில் பிலிம் உள்ள டேங்கை நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதே நான்கு. கலவையை மறுமுறை பயன்படுத்தாதீர்கள்.

1960ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்கு உதகை பொருந்தியதே குளிருக்கும் தூசியற்ற காற்றுக்கும்தான். வீட்டில் டெவலப் செய்பவருக்கு அதே குளிர் தொல்லை. டிசம்பர், ஜனவரியில் குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு வெகு கீழே போய்விடும். ஐடி-11ல் உள்ள ஹைட்ரோகுவினோன் என்ற வேதிப்பொருள் குளிரில் சோம்பிவிடும், நெகட்டிவ் மெலிந்து தட்டையாக வரும். தொடக்கத்தில் 20 டிகிரி இருந்தால் மட்டும் போதாது, 13 நிமிடத்துக்குள் டேங்க் ஆறிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் டேங்கை வைத்தே வேலை செய்யுங்கள். கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். திடீர்க் குளிர் எமல்ஷனை, அதாவது பிலிமின் மேல் படம் பதியும் பூச்சை, சுருங்க வைக்கும்.

டெவலப் ஆன படத்தை நிலைநிறுத்தும் பிக்சர் கரைசலும் குளிரில் மெதுவாகும். பிலிமின் நுனித் துண்டை அதில் போட்டு, பால் நிறம் மறைய ஆகும் நேரத்தைப் பாருங்கள். அதன் இரு மடங்கு கொடுத்தால் சரி.

காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கணப்புச் சட்டி அருகே தொங்கவிட்டால் சாம்பல் ஈர எமல்ஷனில் ஒட்டும், பிறகு போகாது. மூடிய குளியலறையில் இரவு முழுக்க விடுங்கள், மழைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. அரைகுறையாகக் காய்ந்ததை உறையில் போட்டால் பளபளப்புத் திட்டு விழும், அடுத்த பருவமழைக்குள் பூஞ்சையும் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்த நெகட்டிவ்கள் பல மழைக்காலம் தாண்டியும் சுத்தமாக இருக்கின்றன. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள்.